கொழுப்பு கூடினா முட்டி ஜவ்வு தேயுமா? கொழுப்பு மாத்திரையால தேயுமா?

பாமணியாறு எழுதியது:

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல 17 வருஷமா சத்துணவு சமையலரா இருக்கேன். வயசு 51, எடை 71 கிலோ, உயரம் அஞ்சடி ஒரு அங்குலம். போன ஐப்பசி மழையிலேர்ந்து வலது முட்டி வலி. அரிவாள்மணையில உக்காந்து காய் நறுக்கி முடிச்சா, சுவத்தப் புடிச்சாத்தான் எந்திரிக்க முடியுது. எந்திரிச்சதும் பத்து எட்டு நொண்டி நடக்கணும், அப்புறம் கொஞ்சம் சரியாயிடும். படி ஏறுறத விட இறங்குறதுதான் உயிர் போகுது. முட்டி மேல கையை வெச்சுக்கிட்டு காலை மடக்கி நீட்டினா உள்ள மணலை அரைக்கிற மாதிரி நறநறன்னு கைக்குத் தெரியுது.

மாசியில எக்ஸ்ரே எடுத்தாங்க. உள்பக்கம் ஜவ்வு தேஞ்சிருக்கு, ரெண்டாவது கிரேடுன்னாங்க. அப்பவே ரத்தமும் எடுத்தாங்க. மொத்தக் கொழுப்பு 268, கெட்ட கொழுப்பு 185, நல்ல கொழுப்பு 41, டிரைகிளிசரைடு 210. சர்க்கரை இல்ல. பிரஷர் 130/84. வலி மாத்திரையோட அட்டோர்வாஸ்டாட்டின் 20 ராத்திரிக்கு ஒண்ணுன்னு எழுதிக் கையில கொடுத்துட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க. இது முட்டிக்கா, நெஞ்சுக்கான்னு கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல.

ஏழு வாரம் போட்டேன். கூட வேலை பாக்குற அக்கா, "அந்த கொழுப்பு மாத்திரைதான் மூட்டைக் கரைக்குது, எங்க நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சு"ன்னாங்க. பயந்துபோயி சித்திரையில நிறுத்திட்டேன். போன வாரம் எம்பொண்ணு ஒரு வீடியோ காட்டினா. அதுல அப்படியே தலைகீழாச் சொல்றாங்க. ரத்தத்துல கொழுப்பு கூடினா அதுவே ஜவ்வை அரிச்சிடுமாம், கொழுப்பைக் குறைச்சா ஜவ்வு திரும்ப வளந்துடுமாம். ஒருத்தர் மாத்திரை கரைக்குதுங்குறார், ஒருத்தர் மாத்திரை வளக்குதுங்குறார். நான் எதை நம்பட்டும்?

இன்னொண்ணு. வாரம் அஞ்சு நாள் முட்டை வேகவெச்சு உரிக்கிறது என் வேலை. வீட்டுலயும் தினம் ஒரு முட்டை சாப்பிடுவேன். அதை விட்டுடணுமா? இன்னும் பல வருஷம் நின்னு வேலை பாக்கணும், படிக்கிற பொண்ணு இருக்கா. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

மருந்துக்கடை முப்பது எழுதியது:

அம்மா, நான் டாக்டர் இல்லை. முப்பது வருடமாக மருந்துக்கடை நடத்துகிற பார்மசிஸ்ட். நீங்கள் எழுதியிருக்கிற மாதங்களையே ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். வலி வந்தது ஐப்பசியில். மாத்திரை தொடங்கியது மாசியில். நான்கு மாதம் கழித்து வந்த மாத்திரை, முன்பே வந்த வலிக்கு எப்படிப் பொறுப்பாகும்?

ஸ்டாட்டின் என்கிற இந்தக் கொழுப்பு மாத்திரை வகையால் சிலருக்கு வலி வருவது உண்மைதான். ஆனால் அது தசையில் வருகிற வலி. இரண்டு தொடையிலும், இடுப்பிலும், சில பேருக்குத் தோளிலும் ஒரே மாதிரி உளைச்சலாக இருக்கும். ஒரு முட்டியின் உள்பக்கம் மட்டும், அதுவும் உட்கார்ந்து எழும்போதும் படி இறங்கும்போதும் வருவது அந்த வகையாகத் தெரியவில்லை. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, இரண்டு தொடையும் வலுவிழந்து போனாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அது அபூர்வம்.

உங்கள் கூட வேலை பார்க்கும் அம்மாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். இதே புகாரோடு மாத்திரையை நிறுத்தியவர்கள் என் கடைக்கே ஏராளமாக வருகிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், வலி போன்ற பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2020ல் வெளியானது. ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்துக்கு 12 புட்டி. நான்கில் நிஜ மருந்து, நான்கில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, நான்கு காலி. எந்த மாத்திரை எது என்று அவர்களுக்குத் தெரியாது. நிஜ மருந்தில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. அந்த வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. வலித்தது நிஜம். அதில் பெரும்பங்குக்குக் காரணம் மருந்து இல்லை, அவ்வளவுதான்.

185 என்பது சின்ன எண் இல்லை அம்மா. அந்த மாத்திரை உங்கள் நெஞ்சுக்கும் மூளைக்கும் போகிற ரத்தக்குழாய்க்காகக் கொடுத்தது. நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். அந்த வலி மாத்திரையையும் நீங்களாகவே மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள். வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுப்பது அதுதான்.

தஞ்சை இயன்முறை எழுதியது:

அக்கா, நான் இயன்முறை மருத்துவர். 19 வருஷமா ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு முட்டியாவது கையால தொட்டுப் பாக்குறேன். உங்க கேள்வி என்கிட்ட வர்றவங்க நிறைய பேரோட கேள்வி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

நம்ம ஊர்ல ஜவ்வுன்னா மூணு பொருளுக்கும் ஒரே பேரு. எலும்பையும் எலும்பையும் கட்டுற நாரும் ஜவ்வு, நடுவுல பிறை மாதிரி இருக்குற மெத்தையும் ஜவ்வு, எலும்பு முனையில வழவழன்னு பூசுன மாதிரி இருக்குற குருத்தெலும்பும் ஜவ்வு. தேஞ்சிருக்குன்னு உங்களுக்குச் சொன்னது முக்கியமா இந்தக் கடைசிப் பொருளை. அது எக்ஸ்ரேயில தெரியாது. ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்குற இடைவெளி குறைஞ்சிருக்குறத வெச்சுத்தான் சொல்றது. அதனாலதான் நின்னுக்கிட்டு எடுத்த படமான்னு நான் எப்பவும் கேப்பேன். படுக்கவெச்சு எடுத்தா இடைவெளி நல்லா இருக்குற மாதிரி ஏமாத்தும்.

சில மில்லிமீட்டர் கனம்தான் அந்தக் குருத்தெலும்பு. முக்கால் பங்கு தண்ணி. அதுக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அப்போ சாப்பாடு எப்படிப் போகும்? பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை நினைச்சுக்கங்க. காலை ஊனுறப்ப பிழியுது, எடுக்குறப்ப உறிஞ்சுது. மூட்டுக்குள்ள இருக்குற திரவம் அப்படித்தான் உள்ள போயிட்டு வருது. நடந்தாத்தான் அதுக்குச் சோறு. முட்டி வலிக்குதுன்னு ஒரேயடியா உக்காந்துட்டா அந்த ஸ்பாஞ்ச் பட்டினி கிடக்கும்.

இப்ப கொழுப்புக்கு வர்றேன். ரத்தக்குழாயே இல்லாத இடத்துக்கு ரத்தக் கொழுப்பு எப்படிப் போகும்னு நானும் ரொம்ப நாள் நினைச்சதுண்டு. அந்த மூட்டுத் திரவம் வழியாப் போகுது. தென்கொரியாவுல குவாங்ஜு நகரத்து ஆய்வாளர்கள் 2019ல நேச்சர் பத்திரிகையில எழுதினாங்க. தேஞ்ச மூட்டுல இருக்குற குருத்தெலும்புச் செல்கள் வழக்கத்தை விட அதிகமாக் கொலஸ்ட்ராலை உள்ள இழுக்குது. உள்ள போன கொலஸ்ட்ராலை ரெண்டு நொதிகள் வேற பொருளா மாத்துது. அந்தப் பொருள் செல்லுக்குள்ள ஒரு சுவிட்சைத் தட்டிவிட, சுத்தியிருக்குற குருத்தெலும்பையே கரைக்கிற நொதிகள் கிளம்புது. கொழுப்புத் தீனி கொடுத்த எலிக்குத் தேய்மானம் கூடுச்சு. கொலஸ்ட்ராலை மாத்துற அந்த ரெண்டு நொதிகளை எடுத்துட்ட எலிக்குக் குறைஞ்சுது. அதனால உங்க பொண்ணு காட்டின வீடியோ ஒண்ணுமே இல்லாததைச் சொல்லல. செல்லுக்குள்ள தொடர்பு இருக்கு.

மூட்டுத் தேய்மானம் வெறும் பாரத்தால வர்றதில்லைங்குறதுக்கு விரலே சாட்சி. உடம்பு பெருத்தவங்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானமும் கூடுதலா வருது. கையில யாரும் நடக்குறதில்லையே. அப்போ கொழுப்புத் திசுவுலேர்ந்து ரத்தம் வழியா வர்ற ஏதோ ஒண்ணு, ஒரு மெல்லிய அழற்சி, அதுக்குப் பங்கு இருக்கு.

ஆனா எலி வேற, நாம வேற. நெதர்லாந்துல ராட்டர்டாம்ல பல வருஷம் ஜனங்களைத் தொடர்ந்து பாத்ததுல, ஸ்டாட்டின் போட்டவங்களுக்கு முட்டித் தேய்மானம் பாதிக்கும் குறைவாத்தான் முத்துச்சுன்னு 2012ல எழுதினாங்க. அதைப் படிச்சப்ப எனக்குப் பெரிய சந்தோஷம், முட்டிக்கு ஒரு மாத்திரை வந்துடுச்சுன்னு. அப்புறம் ஆஸ்திரேலியாவுல முறையாவே சோதிச்சுப் பாத்தாங்க. முட்டி வலி இருக்குற 304 பேர். பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை, ரெண்டு வருஷம். எம்.ஆர்.ஐ. எடுத்துக் குருத்தெலும்பை அளந்தாங்க. பெரிய வித்தியாசம் எதுவும் இல்ல. 2021ல வந்துச்சு. பிறவியிலேயே கெட்ட கொழுப்பு கூடுதலா இருக்குற மரபணு உள்ளவங்களுக்கு மூட்டுத் தேய்மானம் கூடுதலா இருக்கான்னு சுவீடன், பிரிட்டன் ஜனங்களை வெச்சுப் பாத்தப்ப, கூடுதலா இல்ல, கொஞ்சம் குறைவாவே இருந்துச்சு. அதே கணக்குல உடல் எடை தேய்மானத்தைக் கூட்டுதுன்னு தெளிவா வந்துச்சு.

அதனால அக்கா, நான் உங்களுக்குச் சொல்றது இது. கொழுப்பு மாத்திரை முட்டியக் கரைக்காது. தேஞ்சதை வளக்கவும் செய்யாது. அதை நெஞ்சுக்காகப் போடுங்க. முட்டிக்கு வேற வேலை இருக்கு.

அந்த வேலையில முதல்ல தொடை. முட்டிச் சில்லுக்கு மேல இருக்குற தொடைத் தசை சூம்பிப்போனா ஒவ்வொரு எட்டோட அதிர்ச்சியும் நேரா மூட்டுல இறங்கும். படி இறங்குறப்ப உயிர் போறது பெரும்பாலும் அதனாலதான். ஒரு துண்டை உருட்டி முட்டிக்கு அடியில வெச்சுக்கங்க. படுத்துக்கிட்டே செய்யலாம். துண்டைத் தரையில அழுத்துற மாதிரி முட்டியைக் கீழ அமுக்குங்க. குதிகால் லேசாத் தூக்கும், தொடை கல்லு மாதிரி ஆகும். கையால தொட்டுப் பாத்தாத் தெரியணும். பத்து எண்ணி விடுங்க. பத்துத் தடவை, காலையில ஒரு முறை, ராத்திரி ஒரு முறை. மூச்சை அடக்காதீங்க. ஒரு வாரம் கழிச்சு நாற்காலி நுனியில உக்காந்து கையை ஊனாம எந்திரிக்கிற பயிற்சி. சக்கரநாற்காலியில வந்தவங்களே இதை விடாம செஞ்சு நடந்து போனதை நான் பாத்திருக்கேன்.

எடை. அமெரிக்காவுல 2005ல அளந்து பாத்தாங்க, ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில நாலு கிலோ பாரம் குறையுது. நீங்க 71லேர்ந்து 66க்கு வந்தா எட்டுக்கு 20 கிலோ. ஒரு சின்ன அரிசிமூட்டையை இறக்கிவெச்ச மாதிரி. பிரேமிங்ஹாம்ங்குற ஊர்ல பல வருஷமா நடந்த ஆய்வுல, பத்து வருஷத்துல அஞ்சு கிலோ குறைச்ச பெண்களுக்கு முட்டித் தேய்மான வலி வர்ற வாய்ப்பு பாதியாச்சு. கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் சேந்தே இறங்கும். முட்டிக்கும் நெஞ்சுக்கும் உண்மையிலேயே பொதுவா இருக்குற மருந்து இதுதான்.

அரிவாள்மணையை விட்டுடுங்க. தரையில சப்பணம் போட்டு ஒரு மணி நேரம் உக்காந்து எந்திரிக்கிறது தேஞ்ச முட்டிக்கு ரொம்பக் கடுமை. இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை, ஒரு பலகை, ஒரு கத்தி. வீட்டுக் கழிவறை கீழ உக்கார்ற மாதிரின்னா அதுக்கு மேல வைக்கிற நாற்காலி கிடைக்குது.

முட்டைக்கு பயப்படாதீங்க. ரத்தத்துல இருக்குற கொலஸ்ட்ரால்ல பெரும்பங்கை நம்ம ஈரலே செய்யுது. அதைக் கூட்டிவிடுறது நெய், வெண்ணெய், வனஸ்பதி, திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில சுட்ட வடை, பஜ்ஜி. உங்க அளவு 185ங்குறதால மஞ்சள் கருவை எத்தனைன்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. வெள்ளைக் கருவுக்குத் தடையே இல்ல, தசைக்கு அது வேணும்.

கடைசியா, தைராய்டு பாத்தீங்களா? தைராய்டு குறைஞ்சா கெட்ட கொழுப்பும் ஏறும், மூட்டும் தசையும் இறுகும். உங்க வயசுப் பெண்கள்ல இது சாதாரணம். டி.எஸ்.எச். ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

சேலம் லேத் எழுதியது:

அக்கா, 185ன்னு பாத்ததும் எனக்கு ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. எனக்கு 38 வயசு, லேத்துப் பட்டறை. ரெண்டு வருஷம் குதிகால் வலின்னு அலைஞ்சேன். குதிகாலுக்கு மேல கெண்டைக்காலோட சேர்ற அந்த நரம்பு கட்டைவிரல் தடிமனுக்குப் பொடைச்சுக்கிட்டு இருந்துச்சு. சுளுக்குன்னு எண்ணெய் நீவினேன், ஊசி போட்டேன், செருப்பு மாத்தினேன். ஒண்ணும் நடக்கல. கடைசியா ஒரு டாக்டர் காலைப் பாக்குறதுக்கு முன்னாடி கையைக் குடுங்கன்னார். விரல் முட்டிகள்ல சின்னச் சின்னதா மேடு. நான் லேத்துல வேலை பாக்குறதால காய்ப்புன்னு நினைச்சிருந்தேன். அது காய்ப்பு இல்ல, கொலஸ்ட்ரால். குதிகால்ல இருந்ததும் அதேதான், தசைநார்ல கொலஸ்ட்ரால் படிஞ்சு தடிச்சிருக்கு. ரத்தம் எடுத்தா கெட்ட கொழுப்பு 262.

உங்கப்பா எப்படி இறந்தார்னு கேட்டார். 44 வயசுல, நெஞ்சு வலி, பஸ் ஸ்டாண்டுலேயே. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, குதிகால்ல பொடைச்சிருக்குறது எங்கப்பா எனக்குக் கொடுத்துட்டுப் போனதுன்னு. பரம்பரையா வர்றது, சுமார் 250லேர்ந்து 300 பேருக்கு ஒருத்தருக்கு இருக்காம். ஈரல்ல கெட்ட கொழுப்பைப் பிடிச்சு உள்ள இழுக்குற கொக்கி பாதிதான் வேலை செய்யும். அந்தக் கொக்கியைக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் பரிசு கொடுத்திருக்காங்கன்னு அந்த டாக்டர்தான் சொன்னார்.

எம்பையனுக்கு 9 வயசு. அவனுக்கும் எடுத்துப் பாத்தேன், 201. அன்னைக்கு ராத்திரி தூங்கல. ஆனா இப்பவே தெரிஞ்சது நல்லதுன்னு சொன்னாங்க. எங்கப்பாவுக்கு யாரும் சொல்லல.

உங்களுக்கு இதுவாத்தான் இருக்கும்னு சொல்லல. 190க்கு மேல இருந்தா இதை நினைக்கணும்னு எனக்குச் சொன்னாங்க, உங்களது பக்கத்துல இருக்கு. கூடப்பொறந்தவங்க, அப்பா அம்மா யாருக்காவது சின்ன வயசுல நெஞ்சடைப்பு வந்திருக்கா? குதிகால் நரம்பைத் தடவிப் பாருங்க, ரெண்டு காலும் மெல்லிசா இருக்கணும்.

பாமணியாறு எழுதியது:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புடுறேன். சேலம் தம்பி, நீங்க எழுதினதைப் படிச்சு அழுதுட்டேன். உங்க பையன் நல்லா இருப்பான். எங்க வீட்டுல யாருக்கும் சின்ன வயசுல அப்படி வந்ததில்ல. எங்கப்பா 78 வரைக்கும் வயலுக்குப் போனவர். குதிகாலைத் தடவிப் பாத்தேன், மெல்லிசாத்தான் இருக்கு. ஆனாலும் பொண்ணுக்கும் ஒரு தடவை எடுத்துடலாம்னு இருக்கேன்.

அந்த டாக்டர்கிட்டயே போனேன். நிறுத்திட்டேன்னு சொன்னேன், திட்டுவார்னு நினைச்சேன், திட்டல. இந்தத் தடவை கேட்டுட்டேன், இது எதுக்குன்னு. நெஞ்சுக்குத்தாம்மான்னார். அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து திரும்பப் போடுறேன். டி.எஸ்.எச். 2.9, சரியாத்தான் இருக்காம்.

இயன்முறைத் தம்பிக்கு ஒரு சந்தேகம். துண்டு வெச்சு அமுக்குறப்ப முட்டிச் சில்லுக்குக் கீழ சுருக்குன்னு குத்துது. செய்யலாமா, விட்டுடணுமா?

தஞ்சை இயன்முறை எழுதியது:

துண்டை ரொம்பக் கனமா உருட்டியிருப்பீங்க அக்கா. உங்க மணிக்கட்டுத் தடிமன் போதும். முழு பலத்துல அமுக்காம பாதி பலத்துல தொடங்குங்க. தொடை இறுகுற வலி இருக்கலாம், மறுநாள் காலையில போயிடணும். மூட்டுக்குள்ள குத்துற வலி இருக்கக் கூடாது. முட்டி வீங்கினாலோ சூடா இருந்தாலோ அன்னைக்கு விட்டுடுங்க. ரெண்டு வாரத்துல குறையலைன்னா பக்கத்துல இருக்குற அரசு மருத்துவமனையில இயன்முறைப் பிரிவு இருக்கான்னு கேளுங்க. ஒரு தடவை நேர்ல பாத்துச் சொல்லிக்கொடுத்தா நாங்க இங்க நூறு வரி எழுதுறதுக்குச் சமம்.

பாமணியாறு எழுதியது:

ஆடி பொறந்தாச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எட்டு வாரம் கழிச்சு ரத்தம் எடுத்தேன். கெட்ட கொழுப்பு 108. எடை 69 தான், ராத்திரி மூணு தோசைய ரெண்டாக்கி, சாயங்கால வடைய நிறுத்தினதுல வந்தது. துண்டை மெல்லிசாச் சுத்தினதும் குத்தல் போயிடுச்சு.

தலைமையாசிரியர்கிட்ட கேட்டேன், ஓரமாக் கிடந்த பழைய பெஞ்சு ஒண்ணைக் கொடுத்தார். அடியில ரெண்டு செங்கல் வெச்சு உயர்த்தி, அது மேல பலகை போட்டு நின்னுக்கிட்டே நறுக்குறோம். அரிவாள்மணையில நறுக்குன கைக்குக் கத்தி முதல்ல படியவே இல்ல, முருங்கைக்காய் ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசா வந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு. மாத்திரை கரைக்குதுன்னு சொன்ன அக்காவும் எதுத்தாப்புல நின்னுதான் நறுக்குறாங்க. அவங்க நாத்தனார் எந்த மாத்திரை போட்டாங்கன்னு கேட்டேன். அது கொழுப்பு மாத்திரையே இல்லியாம், முட்டி வலிக்குக் கடையில சொல்லி வாங்கிப்போட்ட மாத்திரையாம்.

நேத்து 84 முட்டை. ஸ்டூல்ல உக்காந்து உரிச்சு முடிச்சுட்டு, கையை ஊனாம எந்திரிச்சேன். படி இறங்குறப்ப இன்னும் கம்பியைப் புடிச்சுக்கிட்டுத்தான் இறங்குறேன்.